குடிக்கூலி

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று நாம் சிறு வயது முதற்கொண்டு படித்து வருகின்றோம். இம்மூன்றனுள் உறையுளுக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. கையில் பொருள் குறைந்தால், மூன்று வேளை உண்பவர் இரண்டு வேளை உண்டு காலம் கழிக்கலாம். ஆடை கிழிந்தால் தைத்து உடுத்தலாம். புத்தாடை வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம். வீட்டை அவ்வாறு குறைத்துக்கொள்ள இயலுமோ? இம்மாதம் வருவாய் பாதியாயிற்று என்று கருதி, பாதி வீட்டில் வாழ்ந்து பாதி வாடகை கொடுப்பார் எவரும் இலர். தொழிலாளியின் வருவாய் ஏறும், இறங்கும். வாடகையோ திங்கள்தோறும் குறித்த நாளில், குறித்த அளவில் வந்து வாயிலில் நிற்கும்.

வாடகைக்குக் குடிக்கூலி என்று ஒரு பழைய பெயர் உண்டு. குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். குடி என்னும் சொல் வீட்டைக் குறிக்கும். அவ்வீட்டில் வாழும் குடும்பத்தையும் குறிக்கும். ஆதலால் குடிக்கூலி நிலுவையில் நிற்கும்போது ஒரு குடும்பத்தின் வாழ்வே ஆட்டங்காண்கிறது. இவ்வுண்மையை என் தெருவை அடுத்து வாழ்ந்த ஒரு தையற்காரரின் குடும்பத்தைக் கண்டு நான் தெளிவாக உணர்ந்தேன்.

மதுரை நகரில் நான் குடியிருக்கும் தெருவை ஒட்டி ஒரு வளவு இருக்கிறது. ஒரே வாயிலுக்குள் அடுத்தடுத்து அமைந்த சிறு வீடுகளின் தொகுதியை எங்கள் ஊரில் வளவு என்பர். எங்கள் வளவில் ஐந்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உண்டு. நடுவே பொது முற்றம். முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். தெருவைப் பார்த்த முதல் வீட்டில் தையற்காரர் ஒருவர் தம் துணைவியாருடனும் மகளுடனும் மகனுடனும் வாழ்ந்து வந்தார். திண்ணையே அவருடைய கடை. அதில் ஒரு தையல் இயந்திரம், துணி வெட்டும் பலகை, சுவரில் தொங்கும் அளவு நாடா ஆகியவை இருந்தன.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் பல்லாண்டுக் காலம் தையற்கடைகள் நிறைந்திருந்தன. சிற்பங்கள் நிறைந்த கல்தூண்களின் இடையே இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் காட்சியை மதுரை மக்கள் மறவார். அங்கே இளமையில் தொழில் பயின்றவர் அவர். அவர் வெட்டித் தைப்பார். துணைவியார் காஜா எடுத்துப் பொத்தான் கட்டுவார். இருவர் உழைப்பும் சேர்ந்துதான் ஒரு சட்டை முழுமை பெறும்.

தையல் தொழிலுக்கும் உழவுத் தொழிலைப் போலப் பருவம் உண்டு. மே, ஜூன் மாதங்களில் பள்ளிச் சீருடை தைப்பது முதற் பருவம். தீபாவளி இரண்டாம் பருவம். பொங்கல் மூன்றாம் பருவம். இடையே திருமண மாதங்களில் இரவிக்கை தைக்கும் வேலை வரும். இவற்றுள் சீருடைப் பருவமே பெரிது. அதில் ஈட்டிய பொருளைக் கொண்டுதான் மழைக்கால மாதங்களை அக்குடும்பம் கடக்கும். ஒரு பருவம் பொய்த்தால் உழவன் படும் துயரை அத்தையற்காரரும் படுவார்.

2020-ஆம் ஆண்டில் அப்பருவம் பொய்த்தது. மார்ச்சு 25-ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கு நாட்டின் தொழில்களை எல்லாம் நிறுத்தி வைத்தது. திருமணங்கள் தள்ளிப் போயின. ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கப்படவில்லை. பள்ளி இல்லாதபோது சீருடை எதற்கு? திண்ணையில் இயந்திரத்தின் ஓசை அடங்கிற்று. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்தது. அரிசி அட்டை உடையவர்களுக்கு ஏப்ரல் மாதத்தில் அரசு ரூ. 1,000 வழங்கிற்று. ஆதலால் அடுப்பு அணையவில்லை. ஆனால் அரிசிக்கு நியாயவிலைக் கடை இருப்பது போல, வாடகைக்கு ஒரு கடை இல்லை அன்றோ? தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்டு வற்புறுத்தலாகாது என்று நடுவண் உள்துறை அமைச்சகம் மார்ச்சு 29-ஆம் நாள் ஆணையிட்டது உண்மையே. அது ஒரு மாதத்திற்கு மட்டும் உரிய ஆணை. அன்றியும், கடனைக் கேளாதிருத்தல் வேறு. கடன் தீர்தல் வேறு.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில், தைக்கக் கொடுத்திருந்த சட்டையைப் பெற்றுவர நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு, "ஐயா, வேறு துணி ஏதேனும் தைக்க வேண்டுமானால் இவ்வாரமே கொடுத்துவிடுங்கள். மாத முடிவில் நாங்கள் ஊருக்குப் போகிறோம்" என்றார் அவர்.

"ஊருக்கா? எப்போது திரும்புவீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் மறுமொழி கூறாமல் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் துணைவியார்தாம் விடை கூறினார்: "திரும்புவது எங்கே ஐயா? ஆறு மாத வாடகை நிற்கிறது. வீட்டுக்கார அம்மா முகத்தில் விழிக்கவே கூசுகிறது. மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கவும் சொல்லிவிட்டார்."

அவர்களுடைய மகள் அப்போது பதினோராம் வகுப்பு மாணவி. அவள் சுவரோரம் அமர்ந்து, ஒரு சட்டைக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். தாய் இவ்வாறு கூறியபோது அவள் தலை நிமிரவில்லை. கையிலிருந்த ஊசி மட்டும் நின்றது.

முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். துன்பத்தைக் கேட்டால் முதலில் அதன் அளவைக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. ஆகவே அவர் எதிரே அமர்ந்து, ஒரு தாளில் கணக்கை எழுதலானேன். மாத வாடகை ரூ. 4,000. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாத நிலுவை ரூ. 24,000. குடிவந்தபோது கொடுத்திருந்த முன்பணம் ரூ. 20,000. இப்போது வீட்டை விட்டுப் போனால் அம்முன்பணம் நிலுவையில் கழிந்துவிடும், அதன்மேலும் ரூ. 4,000 கடனாக நிற்கும். ஊரில் பிழைக்க வழியின்றிச் சில மாதங்களில் மதுரைக்கே திரும்ப நேர்ந்தால், புதிய வீட்டுக்கு முன்பணம் ரூ. 20,000 வேண்டும், முதல் மாத வாடகை ரூ. 4,000 வேண்டும், வண்டிக் கூலி வேறு. எல்லாவற்றையும் கூட்டினால் ரூ. 28,000-க்கு மேலாகிறது. இருக்கும் வீட்டிலேயே இருப்பதற்கு வேண்டுவதோ ரூ. 24,000. போவதற்கு ஆகும் செலவு இருப்பதற்கு ஆகும் செலவினும் மிகுதி என்பதை அத்தாள் காட்டிற்று.

கணக்கில் எழுத இயலாத இழப்புகளும் இருந்தன. பத்து ஆண்டுகளாக அத்திண்ணையைத் தேடி வருபவர்கள் வேறொரு தெருவுக்கு வருவார்களா? நல்ல தையற்காரர் என்னும் பெயர் அந்த வாசலோடு சேர்ந்து வளர்ந்ததன்றோ? மகள் பள்ளியை மாற்றினால், மேல்நிலைக் கல்வியின் நடுவே ஆசிரியரும் தோழியரும் மாறுவர். வேரோடு பெயர்த்து நட்ட செடி பிழைத்தாலும், மீண்டும் தழைக்க நாளாகும்.

"ஒரு நாள்வட்டிக்காரர் கடன் தருவதாகச் சொல்கிறார்" என்றார் தையற்காரர். அதையும் எழுதிப் பார்த்தோம். ரூ. 20,000 என்று எழுதி வாங்கிக்கொண்டு ரூ. 17,000 கையில் கொடுப்பாராம், நாளொன்றுக்கு ரூ. 200 வீதம் நூறு நாள் திருப்பிக் கட்ட வேண்டுமாம். அவ்வாறாயின் கடனுக்காக மாதம் ரூ. 6,000, வாடகைக்கு ரூ. 4,000. தொழில் செழித்த காலத்திலேயே வாடகைக்கு மேல் ஒதுக்க முடியாத குடும்பம், தொழில் நலிந்த காலத்தில் மாதம் ரூ. 10,000-க்கு எங்கே போகும்? கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் வாடகைக்காக அதில் விழுந்து மீளாத குடும்பங்களை நாம் காண்கின்றோம். ஒரு குழியிலிருந்து ஏற இன்னும் ஆழமான குழியில் இறங்குவது போன்றது அது.

அன்று மாலையே வளவின் உரிமையாளரான மூதாட்டியைக் கண்டேன். அவர் அதே வளவின் கடைசி வீட்டில் தனியே வாழ்பவர், கணவரை இழந்தவர். ஏனைய நான்கு வீட்டு வாடகையே அவருடைய வருவாய். வீட்டுக்காரர் என்றதும் இரக்கமற்ற செல்வர் ஒருவரை நம் மனம் கற்பனை செய்கிறது. உண்மை எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை.

"நான் அவர்களைப் போகச் சொல்லவில்லை, தம்பி" என்றார் அவர். "வாடகை கேட்டேன், அவ்வளவுதான். நான்கு வீட்டில் மூன்று வீட்டார் பாக்கி வைத்திருக்கிறார்கள். என் மருந்துக்கு யார் கொடுப்பார்கள்? வீட்டு வரி கட்ட வேண்டாமா? ஆறு மாதமாக அந்தப் பிள்ளை என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறான். வந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்."

நிலுவை என்பது பணத்தில் மட்டும் விழும் இடைவெளி அன்று; மனிதர்களுக்கு இடையேயும் விழும் இடைவெளி அது. கொடுக்க இயலாதவர் நாணத்தால் ஒதுங்குகிறார். வாங்க வேண்டியவர் அவ்வொதுக்கத்தை அலட்சியம் என்று எண்ணுகிறார். இரண்டு நல்லவர்கள் ஒரே முற்றத்தில் வாழ்ந்துகொண்டே ஒருவரை ஒருவர் அஞ்சத் தொடங்கிவிடுகின்றனர். அவ்விடைவெளியை நிரப்பாமல் பணத்தை மட்டும் நிரப்புவதால் பயன் சிறிதே.

எங்கள் தெருவில் ஆறு வீட்டார் ஒன்று கூடிப் பேசினோம். ஆளுக்கு ரூ. 4,000 போட்டு நிலுவையை ஒரே நாளில் தீர்த்துவிடலாம் என்றார் ஒரு நண்பர். அது எளிய வழிதான். தையற்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் கைகூப்பி மறுத்துவிட்டார். "உங்கள் அன்பு பெரிது, ஐயா. ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டுத் துணிக்குக் கூலி கேட்க என் நா எழுமா? இந்தத் தெருவில் நான் நிமிர்ந்து நடக்க வேண்டாமா?" என்றார். தொழிலாளியின் மானம் அவருடைய தொழிலில் இருக்கிறது. அதைக் காத்துக்கொண்டுதான் அவருக்கு உதவ வேண்டும் என்பதை அச்சொற்கள் எங்களுக்கு உணர்த்தின.

ஆகவே வேறொரு வழியைக் கண்டோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் ஆறு வீட்டாரும் எப்படியும் துணி தைக்கத்தான் போகிறோம். அக்கூலியை முன்கூட்டியே கொடுப்பது என்று முடிவு செய்தோம். வீட்டுக்கு ரூ. 1,500 வீதம் ரூ. 9,000 சேர்ந்தது. அதற்குமேல் கொடுக்க நாங்கள் துணியவில்லை. முன்கூலி மிகுந்தால், பின்னர் உழைக்கும் நாளில் கைக்கு ஒன்றும் வாராதன்றோ? அன்றாடச் செலவுக்கு ஏனைய தெருக்களின் வேலை வேண்டும். அப்போது துணி முகக்கவசங்களுக்குத் தேவை இருந்தது. ஒரு கடைக்காரர் அவற்றைத் தைக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தார்.

பின்னர் மூதாட்டியும் தையற்காரரும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் அவர்கள் நேருக்கு நேர் பேசியது அன்றுதான். "ஏப்ரல் மாதம் ஊரே அடங்கிக் கிடந்தது. அந்த மாத வாடகையை நான் கேட்கவில்லை, தம்பி" என்று மூதாட்டி தாமாகவே கூறினார். நிலுவை ரூ. 20,000 ஆயிற்று. முன்கூலியாகப் பெற்ற ரூ. 9,000-ஐத் தையற்காரர் தம் கையாலேயே அவரிடம் கொடுத்தார். எஞ்சிய ரூ. 11,000-ஐ நவம்பர் முதல் மாதம் ரூ. 1,000 வீதம், வாடகையோடு சேர்த்துக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. நடப்பு மாத வாடகையை முதலில் கொடுத்துவிட வேண்டும். நிலுவைத் தவணை அதன் பின்னரே என்றும் எழுதிக்கொண்டோம். பழைய பாக்கியைத் தீர்க்கப்போய்ப் புதிய பாக்கியை உண்டாக்கலாகாது என்பது கணக்கறிந்தோர் கொள்கை.

ஒரு நாற்பது பக்க நோட்டில் இவற்றையெல்லாம் எழுதினோம். இருவரும் கையொப்பமிட்டனர். பணம் கொடுக்கும்போதெல்லாம் மூதாட்டி நாளிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு என்று சிலர் கேட்பர். நம்பிக்கை கெடாமல் இருப்பதற்காகவே எழுத்து வேண்டும் என்பேன் நான்.

இவ்விடத்தில் சட்டம் கூறுவதையும் நாம் அறிந்திருத்தல் நன்று. வாடகைக்குக் குடியிருப்போரைக் காக்கும் சட்டங்கள் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. சென்னை மாகாணத்தில் 1946-ஆம் ஆண்டிலும் 1949-ஆம் ஆண்டிலும் இத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன. பின்னர் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுநாள் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தில், 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், கொடுத்த வாடகைக்குச் சீட்டுப் பெறுதல் குடியிருப்பவரின் உரிமை என்றும் அது கூறுகிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்தி எவரையும் வெளியேறச் செய்தல் கூடாது என்றும் விலக்குகிறது. இரண்டு மாத வாடகை நிலுவையானால் வீட்டை மீட்க உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும் குறித்த காலத்துக்குள் நிலுவை முழுவதையும் வட்டியுடன் செலுத்தியவருக்கு வெளியேற்றத்திலிருந்து விலக்குக் கிடைக்க வழி செய்கிறது. தவறியவர் மீண்டும் எழுந்து நிற்கச் சட்டமும் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது என்பது கருதத்தக்கது. அவ்வாயிலை அடையும் வரை கைகொடுக்க வேண்டியவர்கள் அண்டை வீட்டார் அல்லரோ?

ஏற்பாடு ஆறு மாதம் ஒழுங்காக நடந்தது. 2021 ஏப்ரல் முடிய ரூ. 6,000 தீர்ந்தது. மே மாதத்தில் நோயின் இரண்டாம் அலை பெருகவே தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. சீருடைப் பருவம் இரண்டாம் முறையும் பொய்த்தது. இம்முறை தையற்காரர் ஒதுங்கிப் போகவில்லை. மே மாதம் பிறந்த சில நாள்களிலேயே நோட்டை எடுத்துக்கொண்டு மூதாட்டியிடம் சென்றார். அரசு அரிசி அட்டைக்கு வழங்கிய ரூ. 2,000-ஐ மே மாதத்திலும், மறுபடி வழங்கிய ரூ. 2,000-ஐ ஜூன் மாதத்திலும் அப்படியே வாடகைக்குக் கொடுத்தார். அவ்விரு மாத வாடகையில் எஞ்சிய ரூ. 4,000 பழைய நிலுவையான ரூ. 5,000-உடன் சேர்ந்து ரூ. 9,000 ஆயிற்று. குறைந்துவந்த எண் மீண்டும் ஏறியதைக் கண்டு நாங்கள் வருந்தினோம். ஆனால் மூதாட்டி, "எண் ஏறினால் ஏறட்டும், ஆள் வந்து சொன்னானே, அது போதும்" என்றார்.

அந்த ஜூன் மாதத்தில் மூதாட்டி காய்ச்சலுற்றுப் படுத்தார். நோய்க்கு அஞ்சி ஊரார் ஒருவரை ஒருவர் நெருங்கத் தயங்கிய காலம் அது. முதல் வீட்டிலிருந்து கடைசி வீட்டுக்கு நாள்தோறும் கஞ்சியும் வெந்நீரும் சென்றன. வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "பெரியம்மா, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அழைப்பார் தையற்காரரின் துணைவியார். பதினைந்து நாளில் மூதாட்டி எழுந்து நடமாடினார். முந்திய செப்டம்பரில் அக்குடும்பம் ஊருக்குப் போயிருந்தால் அவ்வாசற்படியில் கஞ்சி வைத்திருப்பார் யார்? உதவியவர் யார், உதவி பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஜூலையில் வாடகை மட்டும் கொடுத்தார். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஆயிரம் ஆயிரமாக நிலுவை குறைந்தது. செப்டம்பர் 1-ஆம் நாள் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையும், நவம்பர் 1-ஆம் நாள் ஏனைய வகுப்புகளுக்கும் பள்ளிகள் திறந்தன. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருந்தனர். பழைய சீருடை எவருக்கும் பொருந்தவில்லை. திண்ணையில் துணிகள் குவிந்தன. இயந்திரத்தின் ஓசை இரவு பத்து மணி வரை கேட்டது. நவம்பரில் ரூ. 3,000, டிசம்பரில் ரூ. 3,000 என எஞ்சிய நிலுவை முற்றும் தீர்ந்தது. நோட்டின் கடைசி வரியில், "பாக்கி இல்லை" என்று மூதாட்டி நடுங்கும் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். மகள் அதே பள்ளியில் படித்து, 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதினாள்.

திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் அமைந்திருக்கிறது. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு கூடி வாழும் முறையை அறிந்து ஒருவர்க்கொருவர் பயன்படுவது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவர் கை மேலும், வாங்குபவர் கை கீழும் இருக்கும். ஒப்புரவில் கைகள் ஒரே மட்டத்தில் கோத்து நிற்கும். வாடகை நிலுவையில் தத்தளிக்கும் குடும்பத்துக்கு வேண்டுவது பெரும்பாலும் இவ்வொப்புரவே ஆகும். எங்கள் தெருவார் எவரும் தம் செல்வத்தை வாரி வழங்கிவிடவில்லை. மூதாட்டி விட்டுக்கொடுத்தது ஒரு மாத வாடகை. ஆறு வீட்டார் கொடுத்தது, பின்னால் கொடுக்கவிருந்த கூலி. நிலுவையின் பெரும்பகுதியைத் தீர்த்தது அக்குடும்பத்தின் உழைப்பே. நாங்கள் கொடுத்தது காலம். உழைப்பு பயன் தரும் வரை அக்குடும்பம் அதே கூரையின்கீழ் இருப்பதற்கு வேண்டிய காலம்.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் உடன் பயிலும் ஒருவன் திடீரென்று மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவன் அமர்ந்த இடத்தில் மறுநாள் வேறொருவன் அமர்வான். அவன் ஏன் போனான் என்று எவரும் கேட்பதில்லை. அவன் போனதற்கு ஒரு வீட்டு வாடகை காரணமாக இருக்கலாம். பொருள் கொடுத்து உதவும் ஆற்றல் இன்று உங்களிடம் இல்லாதிருக்கலாம். எனினும், நண்பனின் முகம் வாடியிருப்பதைக் கவனிக்க உங்களால் இயலும். பிறர் அறியாதவாறு அவனிடம் கேட்க இயலும். கேட்டதைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அடக்கமாகச் சொல்ல இயலும். ஆறாம் மாதத்தில் செய்யும் உதவியினும் முதல் மாதத்தில் கேட்கும் ஒரு சொல் எளியது, பயன் மிக்கது.

வீடு கட்டித் தருதல் அரசுக்கும் பெருஞ்செல்வர்க்கும் இயலும் செயல். குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு குடும்பம் தொடர்ந்து குடியிருக்கத் துணை நிற்பதோ, எளியவர் நால்வர் கூடினாலே இயலும் செயல். அத்தகைய நால்வர் உள்ள தெருவில் எந்தக் குடியும் எளிதில் பெயராது.